லாரிக்கு ஏன் தகுதிச் சான்று?

காசிமேட்டிலிருந்து எண்ணூர் வரை கடலை ஒட்டிச் செல்லும் விரைவுச்சாலையில் நீங்கள் ஒருமுறையேனும் சென்றிருந்தால், பெட்டகங்களைச் சுமந்த நீண்ட டிரெய்லர்கள் வரிசையாக நிற்பதைக் கண்டிருப்பீர்கள். அவற்றுக்கு நடுவே, பட்டறை வாசலில், சக்கரங்கள் கழற்றப்பட்டு, கட்டைகளின் மேல் தூக்கி நிறுத்தப்பட்ட ஒரு லாரியும் கண்ணில் பட்டிருக்கும். ஒருவர் அதன் அடியில் மல்லாந்து படுத்திருப்பார். இன்னொருவர் சுத்தியலும் கையுமாக நிற்பார். பக்கத்துப் பலகையில் சிவப்பு, மஞ்சள் பெயிண்ட் டப்பாக்கள் திறந்து கிடக்கும். "என்ன ஆயிற்று, விபத்தா?" என்று கேட்டால், "இல்லை, வண்டி எஃப்.சி.க்கு நிற்கிறது" என்று பதில் வரும்.

எஃப்.சி. என்பது தகுதிச் சான்று. இந்த வண்டி சாலையில் ஓடத் தகுதியுடையது என்று மோட்டார் வாகன ஆய்வாளர் பார்த்துச் சொல்லும் சான்று அது. வாடகைக்கோ வாணிபத்துக்கோ ஓடும் லாரி, பேருந்து, டிரெய்லர், ஆட்டோ எல்லாவற்றுக்கும் இது தேவை. 1988ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டம் இதைச் சற்று விந்தையான முறையில் சொல்கிறது. தகுதிச் சான்று இல்லாத போக்குவரத்து வண்டி, முறையாகப் பதிவு செய்யப்பட்டதாகவே கருதப்படாதாம். எண்பலகை இருக்கலாம், வரி கட்டியிருக்கலாம், புத்தகம் கையில் இருக்கலாம். இருந்தாலும் சட்டத்தின் கண்ணில் அது பதிவாகாத வண்டியே.

இவ்வளவு கடுமை எதற்கு? அதற்கு விடை காண, லாரிகளை விட்டுவிட்டு அந்தச் சாலையின் மறுபுறம், கடலைப் பார்க்க வேண்டும்.

சென்னைத் துறைமுகத்துக்கு வரும் எந்தச் சரக்குக் கப்பலின் பக்கவாட்டையும் கூர்ந்து நோக்குங்கள். நீர்மட்டத்துக்கு அருகே ஒரு வட்டமும், அதன் குறுக்கே ஒரு கோடும், பக்கத்தில் ஏணிப்படிகள் போல் சில கோடுகளும் வரையப்பட்டிருக்கும். அந்தக் கோட்டுக்கு மேல் நீர் ஏறும்படிச் சரக்கு ஏற்றக் கூடாது. 19ஆம் நூற்றாண்டில் பிரிட்டனில் பழுதான கப்பல்களில் அளவுக்கு மீறிச் சரக்கு ஏற்றி, மிகுந்த தொகைக்குக் காப்பீடும் செய்து கடலுக்கு அனுப்புவது வழக்கமாக இருந்தது. கப்பல் கரை சேர்ந்தால் சரக்கில் ஆதாயம். மூழ்கினால் காப்பீட்டில் ஆதாயம். மாலுமிகள் மட்டும் மாண்டார்கள். அக்கப்பல்களைச் சவப்பெட்டிக் கப்பல்கள் என்றே மக்கள் அழைத்தனர். சாமுவேல் பிளிம்சால் என்னும் நாடாளுமன்ற உறுப்பினர் இதை எதிர்த்து 1873இல் ஒரு நூல் எழுதினார். 1876இல் சுமைக்கோடு சட்டமாயிற்று. கடலுக்குத் தகுதியான கப்பலா என்று அதன் சொந்தக்காரரைச் சாராத ஒருவர் பார்த்துச் சொல்ல வேண்டும் என்ற எண்ணம் அப்போது வலுப்பெற்றது. சாலைத் தகுதி என்னும் சொல்லே கடல்தகுதி என்பதன் அச்சில் வார்த்ததுதான்.

அடுத்தது கொதிகலன். 1863இல் கல்கத்தாவில் ஒரு நீராவிக் கொதிகலன் வெடித்துப் பலர் இறந்தனர். மறு ஆண்டே வங்காளத்தில் கொதிகலன்களைச் சோதிக்க ஒரு சட்டம் வந்தது. பின்னர் 1923இல் இந்தியா முழுமைக்குமான கொதிகலன் சட்டம் இயற்றப்பட்டது. அச்சட்டப்படி ஒரு கொதிகலனுக்குத் தந்த சான்று அதிகமாகப் போனால் 12 மாதங்களுக்கே செல்லுபடியாயிற்று. ஆண்டுக்கு ஒருமுறை என்னும் கணக்கு இங்கே தெளிவாகத் தெரிகிறது அல்லவா? ஜெர்மனியிலும் இதே கதைதான். 1865இல் மான்ஹைம் நகரத்து மதுவடிப்பாலை ஒன்றில் கொதிகலன் வெடித்தது. மறு ஆண்டு ஆலை முதலாளிகளே கூடிக் கொதிகலன் சோதனைச் சங்கம் ஒன்றை அமைத்தனர். அப்படித் தோன்றிய சங்கங்களின் வழிவந்த நிறுவனங்களே இன்று அந்நாட்டில் கார்களையும் சோதிக்கின்றன. நீராவியைச் சோதித்த கை, பின்னாளில் பிரேக்கைச் சோதிக்கலாயிற்று.

மூன்றாவது இரயில். வடசென்னைக்காரர்களுக்கு இது வீட்டுக் கதை. தென்னிந்தியாவின் முதல் பயணிகள் இரயில் 1856ஆம் ஆண்டு ஜூலை 1ஆம் நாள் இராயபுரத்திலிருந்து வாலாஜா ரோட்டுக்குப் புறப்பட்டது. இரயில் நிலையங்களில் முன்னெல்லாம் நீண்ட காம்புள்ள சுத்தியலுடன் ஒருவர் வண்டியை ஒட்டி நடந்து ஒவ்வொரு சக்கரத்தையும் தட்டிக்கொண்டே போவார். முதியவர்களைக் கேட்டுப் பாருங்கள், சொல்வார்கள். 'டங்' என்று நீண்டு ஒலித்தால் சக்கரம் நலம். 'டப்' என்று அடங்கிப்போனால் எங்கோ கீறல். நம் பாட்டிமார் சந்தையில் சட்டி பானை வாங்கும்போது விரலை மடக்கிச் சுண்டிப் பார்ப்பதும் இதே அறிவியல்தான். முழுமையான பொருள் தன் இயல்பான அதிர்வெண்ணில் தடையின்றி அதிர்கிறது. கீறல் இருந்தால் அதன் இரு ஓரங்களும் ஒன்றோடொன்று உரசி அந்த ஆற்றலை உறிஞ்சிவிடுகின்றன. ஆகவே ஒலி சட்டென்று செத்துப் போகிறது.

ஆனால் நேற்று நலமாக ஒலித்த இரும்பு இன்று ஏன் கீறுகிறது? 1842ஆம் ஆண்டு மே 8ஆம் நாள் பிரான்சில் வெர்சேய் நகரிலிருந்து பாரிசுக்குத் திரும்பிக்கொண்டிருந்த இரயிலின் எஞ்சின் அச்சு ஒடிந்தது. பெட்டிகள் ஒன்றன்மேல் ஒன்றாக ஏறித் தீப்பிடித்தன. ஐம்பதுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். அச்சின் மேல் வந்த சுமையோ அது தாங்கக்கூடிய சுமைதான். நேற்றுவரை தாங்கிய சுமைதான். இந்தப் புதிர் பொறியாளர்களை அலைக்கழித்தது. பிரஷ்யாவின் இரயில்வேப் பொறியாளர் ஆகஸ்ட் வோலர், அச்சுகளைச் சுழலவிட்டு வளைத்து வளைத்து இலட்சக்கணக்கான சுற்றுகள் சோதித்துப் பார்த்தார். சிறிய சுமையானாலும் மாறி மாறிப் பன்முறை விழுந்தால் உலோகம் களைத்துப் போகும் என்பதை அவர் ஆய்வுகள் காட்டின. நீங்களும் இதை உங்கள் வீட்டிலேயே செய்து பார்க்கலாம். ஒரு கட்டுக் கம்பியை எடுத்து ஒரே இடத்தில் இப்படியும் அப்படியும் வளையுங்கள். உங்கள் கைவலிமையால் இழுத்து அறுக்க முடியாத கம்பி, இருபது முப்பது வளைப்பில் பொட்டென்று ஒடிந்துவிடும். இதற்குத்தான் உலோகக் களைப்பு என்று பெயர்.

லாரியின் அடியில் உள்ள ஸ்பிரிங் பட்டைகளுக்கு நேர்வதும் இதுவே. திருவொற்றியூர்ச் சாலையில் உள்ள ஒவ்வொரு பள்ளமும் அந்தப் பட்டைகளுக்கு ஒரு வளைப்பு. ஒருமுறை சோதித்தால் போதாதா, ஆண்டுதோறும் எதற்கு என்று கேட்பவர்களுக்கு இதுதான் விடை. தகுதி என்பது பிறவிக் குணம் அன்று, ஓடஓடத் தேய்வது.

இனி வண்டிக்கு வருவோம். சென்னையில் முதன்முதலாகப் பதிவான கார், எம்.சி. 1 என்னும் எண் கொண்டது, துறைமுகப் பொறுப்புக் கழகத்தின் தலைவராக இருந்த சர் பிரான்சிஸ் ஸ்பிரிங்குடையது என்று நகர வரலாற்றாசிரியர்கள் எழுதியுள்ளனர். கடலுக்கும் சாலைக்கும் உள்ள உறவுக்கு இது ஒரு வேடிக்கையான சான்று. 1914இல் இந்திய மோட்டார் வண்டிச் சட்டம் வந்தது. பிரிட்டனில் 1930ஆம் ஆண்டின் சாலைச் சட்டம் பொதுமக்கள் ஏறும் பேருந்துகளுக்குத் தகுதிச் சான்றைக் கட்டாயமாக்கியது. அதைப் பின்பற்றி இந்தியாவின் 1939ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டம், தன் 38ஆம் பிரிவில், எல்லாப் போக்குவரத்து வண்டிகளுக்கும் தகுதிச் சான்றை விதித்தது. பிரிட்டனில் சொந்தக் கார்களுக்கு இத்தகைய சோதனை 1960 செப்டம்பரில்தான் தொடங்கிற்று. முதலில் 10 ஆண்டு பழைய கார்களுக்கு மட்டுமே. பிரேக், விளக்கு, ஸ்டியரிங் மூன்றை மட்டுமே பார்த்தார்கள். தேறாத கார்களின் எண்ணிக்கையைக் கண்டு அரசே திகைத்துப் போயிற்று. 1961இல் வயது வரம்பு 7 ஆண்டாகவும், 1967இல் 3 ஆண்டாகவும் குறைக்கப்பட்டது.

வடசென்னை இந்த வரலாற்றில் வெறும் பார்வையாளர் அல்ல. எண்ணூரில் 1948இல் நிறுவப்பட்ட அசோக் மோட்டார்ஸ் முதலில் ஆஸ்டின் கார்களைப் பூட்டி விற்றது. பின்பு லேலண்டுடன் சேர்ந்து 1955இல் அசோக் லேலண்ட் ஆயிற்று. அதே 1955இல்தான் என்ஃபீல்டு இந்தியா உருவாகித் திருவொற்றியூரில் மோட்டார் சைக்கிள் செய்யத் தொடங்கியது. 1946இல் அதே ஊரில் ஒரு கொட்டகையில் குழந்தைகளுக்குப் பலூன் செய்து விற்றவர்கள், 1952இல் பழைய டயருக்கு மேல் ஒட்டும் டிரெட் ரப்பரில் இறங்கினார்கள். அதுதான் எம்.ஆர்.எஃப். தேய்ந்த டயரை மறுபடி சாலைக்குத் தகுதியாக்கும் தொழிலில் வளர்ந்து, 1961க்குப் பின் புதிய டயருக்கு வந்த நிறுவனம் அது. பிறகு மணலியில் எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலை வந்தது, டாங்கர் லாரிகள் வந்தன. 1983இல் சென்னைத் துறைமுகத்தில் பெட்டக முனையம் வந்தது, டிரெய்லர்கள் வந்தன. 2001இல் எண்ணூரிலேயே ஒரு பெருந்துறைமுகம் எழுந்தது. இத்தனை வண்டிகளும் பழுது பார்க்க ஒதுங்கும் பட்டறைகள் சாலையோரம் பெருகியதில் வியப்பென்ன?

இந்தப் பட்டறைகளில் எஃப்.சி. வேலை எப்படி நடக்கிறது என்று பார்ப்போம்.

முதலில் பிரேக். இதைப் பற்றி ஒரு சிறு கணக்குப் போடலாம். சரக்கோடு சேர்த்து 40 டன் எடையுள்ள ஒரு டிரெய்லர் மணிக்கு 40 கிலோமீட்டர் வேகத்தில் வருகிறது. அதன் இயக்க ஆற்றல் ஏறக்குறைய 25 இலட்சம் ஜூல். அதை நிறுத்த வேண்டுமானால் இந்த ஆற்றல் முழுவதும் வெப்பமாக மாறியாக வேண்டும். மாறுகின்ற இடம் பிரேக் டிரம்மும் லைனிங்கும்தான். 30 பாகை வெப்பத்தில் உள்ள 8 லிட்டர் தண்ணீரைக் கொதிநிலைக்குக் கொண்டுவர இந்த வெப்பம் போதும். வேகம் 60 கிலோமீட்டரானால்? ஒன்றரை மடங்குதானே என்று எண்ணாதீர்கள். ஆற்றல் வேகத்தின் இருமடியைப் பொறுத்தது. ஆகவே இரண்டே கால் மடங்கு, 19 லிட்டர் தண்ணீர்! ஒரே ஒரு நிறுத்தத்துக்கு இவ்வளவு. எண்ணூர்ச் சாலையில் ஒரு நாளைக்கு எத்தனை நிறுத்தம் என்பதை நீங்களே எண்ணிக்கொள்ளுங்கள். அதனால்தான் மெக்கானிக் எல்லாச் சக்கரங்களையும் கழற்றி, லைனிங்கின் தடிப்பைப் பார்த்து, எண்ணெய்க் கசிவு உண்டா என்று விரலால் தடவிப் பார்க்கிறார். டிரம்மில் பள்ளம் விழுந்திருந்தால் லேத்துக்கு அனுப்புகிறார். ஒரு பக்கச் சக்கரம் பிடித்து மறுபக்கம் பிடிக்காவிட்டால் வண்டி இழுத்துக்கொண்டு போகும். அதனால் இரு பக்கமும் ஒன்றுபோல் அட்ஜஸ்ட் செய்கிறார்.

பிரேக்கை அழுத்துவது காற்று. காம்ப்ரசர் வெளிக்காற்றை அழுக்கி டாங்கில் நிரப்புகிறது. கடற்கரைக் காற்றில் ஈரம் மிகுதி. அழுத்திய காற்று குளிரும்போது அந்த ஈரம் நீராக டாங்கின் அடியில் தேங்கும். அடியிலுள்ள திருகைத் திறந்து அதை வடிக்காமல் விட்டால், டாங்கும் வால்வும் துருவேறும். காற்றுக்குரிய இடத்தைத் தண்ணீர் பிடித்துக்கொள்ளும். எண்ணூர்ப் பக்கத்து டிரைவர்கள் காலையில் வண்டியை எடுக்குமுன் இதைச் செய்வது வெறும் சடங்கன்று.

துருவைப் பற்றியும் இங்கே சொல்லியாக வேண்டும். இரும்பு துருப்பிடிக்க நீரும் ஆக்சிஜனும் வேண்டும். நீரில் உப்புக் கலந்தால் அது மின்சாரத்தை நன்றாகக் கடத்துகிறது. துருப்பிடித்தலோ ஒரு மின்வேதி வினை. ஆகவே கடலோரத்தில் அது விரைந்து நடக்கிறது. கடற்காற்று கொண்டுவந்து படியவைக்கும் உப்பு, ஈரம் கண்டபோதெல்லாம் இரும்பில் வேலை செய்கிறது. லாரியின் பக்கப் பலகையில் துருவந்தால் கண்ணுக்குத் தெரியும். சேசிஸின் குறுக்குச் சட்டத்தில், சேறு அப்பிய இடத்தில் வந்தால் தெரியாது. அங்கேதான் சுத்தியல் பேசுகிறது. தட்டும்போது செதில் செதிலாக உதிர்ந்தால் டிங்கரிங் செய்பவரை அழைக்க வேண்டும். வெட்டி எடுத்துப் புதுத் தகடு வைக்க வேண்டும். ரெட் ஆக்சைடு பூசி மேலே பெயிண்ட் அடித்துவிட்டால் எல்லாமே புதிதாகத் தெரியும் என்பது உண்மைதான். துரு அடியில் தன் வேலையைச் செய்துகொண்டுதான் இருக்கும்.

மற்றவற்றை விரைந்து சொல்லிவிடலாம். ஸ்டியரிங்கில் ஆட்டம் இருக்கிறதா, கிங்பின் தேய்ந்துள்ளதா, யூ போல்ட் தளர்ந்துள்ளதா, விளக்குகள் எரிகின்றனவா, பெட்டக டிரெய்லரானால் பெட்டகத்தின் நான்கு மூலைகளையும் பிடிக்கும் பூட்டுகள் திரும்புகின்றனவா என்றெல்லாம் பார்ப்பார்கள். லாரி டயரின் வரிப்பள்ளம் 1.6 மில்லிமீட்டருக்குக் குறையக் கூடாது. மழையில் சாலை நீரை வெளியேற்ற அந்த ஆழமாவது வேண்டும். டீசல் புகையின் கருமைக்கும் அளவுண்டு. பின்னால் ஒளி திருப்பும் பட்டை ஒட்ட வேண்டும். பிறகு சேசிஸ் எண்ணைத் துருப் போகத் தேய்த்து, அதன்மேல் தாளை வைத்துப் பென்சிலால் உரசி அச்செடுப்பார்கள். சிறு வயதில் நாணயத்தின் மேல் தாளை வைத்து உரசிய விளையாட்டேதான்! வண்டி மாறாட்டம் நடக்காமல் இருக்க இந்த எளிய உத்தி பயன்படுகிறது. கடைசியில் எழுத்து ஓவியர் வந்து சொந்தக்காரர் பெயர், வெற்று எடை, மொத்த எடை, சான்று முடியும் தேதி எல்லாம் எழுதுவார். பின்பலகையில் 'ஒலி எழுப்புக' என்று அவர் வரைகின்ற அழகைக் காண நான் சில வேளை நின்றுவிடுவதுண்டு.

வண்டி ஆய்வுக்குப் போகும் அன்று பளபளவென்று மாப்பிள்ளைக் கோலத்தில் இருக்கும். இங்கேதான் ஒரு சிக்கல். சோதனைக்குத் தயார் செய்வதும் சாலைக்குத் தயார் செய்வதும் ஒன்றா? ஒன்றாக இருக்க வேண்டும். ஆனால் நல்ல டயரை இரவல் வாங்கி மாட்டிக்கொண்டு போய்க் காட்டிவிட்டு, மாலையில் பழைய டயரைத் திரும்ப மாட்டும் வழக்கம் இத்தொழிலில் இருப்போருக்குத் தெரியாததன்று. பிளிம்சால் கண்ட கப்பல் முதலாளிகளும் வெளிப்புறத்துக்கு நன்றாகச் சாயம் பூசத்தான் செய்தார்கள்.

இதன் விலை என்ன என்பதைத் தமிழ்நாடு 2012இல் கண்டது. அவ்வாண்டு ஜூலை 25ஆம் நாள் தாம்பரம் பகுதியில், இரண்டாம் வகுப்புச் சிறுமி ஒருத்தி தன் பள்ளிப் பேருந்தின் தளத்தில் இருந்த ஓட்டை வழியாகச் சாலையில் விழுந்து, பின்சக்கரத்தில் சிக்கி உயிரிழந்தாள். அந்தப் பேருந்து சற்று முன்னர்தான் தகுதிச் சான்று பெற்றிருந்தது. ஓட்டையின் மேல் ஒரு பலகை கிடந்தது, அவ்வளவே. சென்னை உயர்நீதிமன்றம் தானாகவே முன்வந்து இதை விசாரணைக்கு எடுத்துக்கொண்டது. அவ்வாண்டே பள்ளிப் பேருந்துகளுக்கென்று தனி விதிகள் வகுக்கப்பட்டன. இன்று கோடை விடுமுறையில், பள்ளி திறக்குமுன், பள்ளி வண்டிகளை மைதானங்களில் வரிசையாக நிறுத்தி அலுவலர்கள் ஏறிப் பார்ப்பதைச் செய்தித்தாளில் காண்கிறீர்கள் அல்லவா? தளப்பலகையை மிதித்துப் பார்ப்பதும், அவசர வழிக் கதவைத் திறந்து பார்ப்பதும் அதன் பின் வந்த கவனம். ஒரு மெக்கானிக்கின் சுத்தியல் அந்தத் தளத்தை நான்கு இடங்களில் தட்டியிருந்தால் போதும். தட்டுவதற்கு ஆகும் நேரம் ஒரு நிமிடம்கூட இல்லை.

மனிதரின் கண்ணை மட்டும் நம்பினால் போதாது என்பதால், தானியங்கிச் சோதனை நிலையங்களுக்கான விதிகள் 2021இல் வெளிவந்தன. அங்கே சக்கரங்களை உருளைகளின் மேல் ஏற்றிச் சுழற்றி, ஒவ்வொரு சக்கரமும் எவ்வளவு விசையுடன் பிரேக் பிடிக்கிறது என்பதைத் தனித்தனியாக அளப்பார்கள். இடச்சக்கரமும் வலச்சக்கரமும் வேறுபட்டால் எண்ணாகவே தெரிந்துவிடும். எந்திரம் யாருக்கும் சலுகை காட்டாது என்பது இதன் நன்மை. ஆனால் உருளையின் மேல் நிற்கும் வண்டியின் தளத்துக்கு அடியில் உள்ள துருவை உருளை அறியாது. அதற்கு இன்னும் குனிந்து பார்க்கும் ஒருவர் வேண்டும் என்பதே என் எண்ணம்.

கால வரையறையும் மாறியிருக்கிறது. முன்பு புது வண்டிக்கு முதல் 2 ஆண்டும், பிறகு ஆண்டுதோறும் என்றிருந்தது. 2018 நவம்பரில் திருத்திய விதிப்படி, 8 ஆண்டு வயதுவரை 2 ஆண்டுக்கு ஒருமுறை, அதன் பிறகே ஆண்டுக்கு ஒருமுறை. புது வண்டிகள் முன்னைவிட உறுதியாக வருவதும், அலுவலகங்களில் கூட்டம் குறைவதும் இதற்குச் சாதகமானவை. உப்புக் காற்றிலேயே இரவும் பகலும் நிற்கும் ஒரு டிரெய்லருக்கும், உள்நாட்டில் உலர்ந்த சாலையில் ஓடும் வண்டிக்கும் ஒரே தவணை பொருந்துமா என்பது எனக்கு ஐயமே. கொதிகலன் சட்டம் வகுத்தவர்கள் 12 மாதத்துக்கு மேல் சான்று தர மறுத்தார்கள். அவர்கள் கண்முன் கல்கத்தா இருந்தது.

அடுத்த முறை தண்டையார்பேட்டை அல்லது திருவொற்றியூர்ச் சாலைச் சந்திப்பில் ஒரு லாரி உங்கள் அருகே வந்து நின்றால், அதன் பக்கவாட்டில் சிறிய எழுத்தில் எழுதியிருக்கும் எஃப்.சி. தேதியைப் படித்துப் பாருங்கள். அந்தத் தேதிக்கு ஒரு வாரம் முன்பு அதே வண்டியை விரைவுச்சாலை ஓரத்தில், சக்கரம் கழற்றிய நிலையில், யாரோ ஒருவர் அடியில் படுத்துத் தட்டிக்கொண்டிருக்கக் காணலாம்.